செடித் தொட்டியில பாசி ஏன் வருது, செடி ஏன் வளர மாட்டேங்குது

செடி டேங்க், அதாவது உள்ள தண்ணிச் செடி வளர்க்கற மீன் தொட்டி, வைக்கணும்னு ஆசைப்பட்டு வர்ற முக்கால்வாசிப் பேர் முதல்ல கேக்குறது என்ன லைட் வாங்கலாம்ங்கறதைத்தான். நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். ரெண்டடி தொட்டி, அதுக்கு மேல கிடைச்சதுலயே பவரான எல்இடி, காலையில எந்திரிச்சதும் போட்டு ராத்திரி படுக்கப் போறப்ப அணைக்கறது, கிட்டத்தட்ட 12 மணி நேரம். மூணாவது வாரம் கண்ணாடி முழுக்க பச்சை, இலை ஓரத்துல கறுப்பா முடி மாதிரி ஒண்ணு, உள்ள மீன் இருக்கான்னு குனிஞ்சு பாக்கவேண்டிய நிலைமை. பாசி மருந்துன்னு ஒண்ணு வாங்கி ஊத்தினேன், பாசி போகல, இறால் எல்லாம் ரெண்டே நாள்ல செத்துப்போச்சு. அந்த இறால்களை நெனச்சா இன்னமும் மனசு சங்கடமா இருக்கும். அதுக்கப்புறம்தான் மருந்து பாட்டிலை மூடி வச்சிட்டு தண்ணிக்குள்ள உண்மையில என்ன நடக்குதுன்னு உக்காந்து புரிஞ்சுக்க ஆரம்பிச்சேன்.

விஷயம் இதுதான். லைட்டு செடிக்குச் சாப்பாடு கிடையாது, அது பசியைக் கிளப்பி விடுற சமாச்சாரம். செடியோட காய்ஞ்ச எடையில 40ல இருந்து 45 சதவீதம் வரைக்கும் கார்பன். வெளியில வளர்ற செடிக்குக் காத்து வந்து மோதிக்கிட்டே இருக்கறதால கார்பன் டை ஆக்ஸைடுக்குப் பஞ்சமில்ல. தண்ணிக்குள்ள அப்படி இல்ல, அங்க அந்த வாயு பரவுற வேகம் காத்துல பரவுறதைவிட சுமார் 10,000 மடங்கு கம்மி. சும்மா வச்ச தண்ணி காத்தோட சமநிலைக்கு வந்தா 25 டிகிரியில லிட்டருக்கு அரை மில்லிகிராம் போல சிஓடூ (கார்பன் டை ஆக்ஸைடுதான்) மட்டும் அதுல நிக்கும். இலை தன்னைச் சுத்தி இருக்கறதை உறிஞ்சிட்டா அடுத்தது வந்து சேர நேரமாகும். இந்த நிலைமையில மேல இருந்து வெளிச்சத்தைக் கொட்டினா செடிக்குப் பசி ஏறும், தட்டுல ஒண்ணும் இருக்காது, பழைய இலையில இருக்கற சத்தை உருவிப் புது இலைக்குக் குடுத்து சமாளிக்கும். பழைய இலை மெலிஞ்சு ஓட்டை விழுந்து உள்ள இருக்கறதைக் கசியவிடும், பாசி வந்து உக்கார்ற முதல் இடம் அதுதான். பாசிக்குத் தேவையே ரொம்பக் கம்மி. மெல்லிசான இழை, நாலாபக்கமும் தண்ணி, அந்த அரை மில்லிகிராம்லயே குடும்பம் நடத்திரும்.

1828ல ஜெர்மனியில கார்ல் ஸ்ப்ரெங்கல் எழுதி, 1840ல யுஸ்டுஸ் லீபிக் ஊரறியச் செஞ்ச ஒரு விதி இருக்கு. செடியோட வளர்ச்சியைத் தீர்மானிக்கிறது அதிகமா இருக்கற சத்து இல்ல, இருக்கறதுலயே எது ரொம்பக் குறைவோ அதுதான். பலகை பலகையா சேத்த பீப்பாய்ல எந்தப் பலகை குட்டையோ அந்த மட்டம் வரைக்கும்தான் தண்ணி நிக்கும்னு இதைப் படம் போட்டுக் காட்டுவாங்க. வயலுக்காகச் சொன்னது, ஆனா மீன் தொட்டிக்கு இதைவிட உபயோகமான ஒரு வரியை நான் பாத்ததில்ல. பெரும்பாலான வீட்டுத் தொட்டியில குட்டைப் பலகை கார்பன்தான். அதை அப்படியே விட்டுட்டு லைட்டையும் உரத்தையும் கூட்டினா மத்த பலகைகளை உசத்திக்கிட்டே போறோம், தண்ணி மட்டம் ஏறவே ஏறாது.

அதனால டிசைன் பண்றதுக்கு முன்னாடி எடுக்கவேண்டிய முடிவு ஒண்ணுதான், தண்ணிக்குள்ள தனியா சிஓடூ கேஸ் குடுக்கப் போறமா இல்லயா. குடுக்கலைன்னா லைட்டை அதுக்குத் தகுந்தா மாதிரி அடக்கி வைக்கணும், செடியையும் அதுக்குத் தகுந்தா மாதிரி எடுக்கணும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகொரைன், மாஸ் இதெல்லாம் மெதுவா வளர்ற ரகம், இருக்கறதை வச்சுப் பொழச்சுக்கும். இன்னொரு கூட்டம் இருக்கு, வேலம்பாசின்னு நாம சொல்ற ஹைட்ரில்லா, நாடா மாதிரி நீளமா போற வேலிஸ்னேரியா. இதுங்க தண்ணியில கரைஞ்சிருக்கற பைகார்பனேட்ல இருந்தும் கார்பனை எடுக்கத் தெரிஞ்ச செடிகள். உப்புத்தண்ணி, கடினத்தண்ணின்னு நாம அலுத்துக்கற தண்ணியில இதுங்க ஜோரா வளர்றதுக்கு அதுதான் காரணம். உங்க தண்ணி கடினம்னா அதை மாத்த நெனச்சு கஷ்டப்படாதீங்க, அதுல சந்தோஷமா இருக்கற செடியை வைங்க.

லைட் எவ்வளவுன்னு சொல்ல வாட் கணக்கு இந்தக் காலத்துல உதவாது, ஒரே வாட்ல ஒவ்வொரு எல்இடியும் ஒவ்வொரு மாதிரி வெளிச்சம் தரும். செடி பயன்படுத்துற வெளிச்சத்தை பார்னு ஒரு அளவுல சொல்வாங்க, மண் மட்டத்துல அது 15ல இருந்து 30 வரைக்கும் இருந்தா சிஓடூ இல்லாத தொட்டிக்குப் போதும், 50க்கு மேல போனா சிஓடூ இல்லாம தாங்காது. மீட்டர் இல்லாதவங்க லைட்டோட பாக்ஸ்ல போட்டிருக்கற லூமனைத் தொட்டியோட லிட்டரால வகுத்துப் பாக்கலாம், லிட்டருக்கு 10ல இருந்து 20 லூமன் வந்தா மிதமான தொட்டி. தோராயம்தான், ஆனா கண்ணை நம்புறதைவிட மேல். கண்ணு நம்மை ஏமாத்தும், நமக்கு மங்கலா தெரியறது செடிக்குப் போதுமானதா இருக்கும். நேரம் ஆரம்பத்துல 6 மணி நேரம், செடி வேர் பிடிச்ச பிறகு 8. கட்டாயம் டைமர் போடுங்க. கையால போட்டு அணைக்கற தொட்டி எதுவும் ஒழுங்கா ஓடி நான் பாத்ததில்ல, ஏன்னா ஒருநாள் 5 மணி நேரம் ஒருநாள் 13 மணி நேரம்னு ஆயிரும்.

சிஓடூ குடுக்கற தொட்டியில இலக்கு லிட்டருக்கு 20ல இருந்து 30 மில்லிகிராம். அதாவது சும்மா இருக்கற தண்ணியில உள்ளதைப் போல 40ல இருந்து 60 மடங்கு. அளக்கறதுக்கு டிராப் செக்கர்னு ஒரு குட்டிக் கண்ணாடிக் குடுவை, அதுக்குள்ள கேஹெச் (கார்பனேட் கடினத்தன்மை) 4 இருக்கற தண்ணியும் ப்ரோமோதைமால் ப்ளூங்கற சாயமும், நீலம்னா சிஓடூ பத்தல, பச்சைன்னா 30 பக்கம், மஞ்சள்னா மீனுக்கு ஆபத்து. இதுல ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும், அந்த நிறம் இப்ப இருக்கற நிலையைக் காட்டாது, ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்கு முந்தினதைக் காட்டும். இது தெரியாம நான் ஒரு தடவை பச்சையா இருக்கேன்னு உள்ள போற கேஸ் குமிழி எண்ணிக்கையை இன்னும் கொஞ்சம் ஏத்தி விட்டுட்டு ராத்திரியும் அணைக்காம படுத்துட்டேன். காலையில பாத்தா டெட்ரா மீன் அத்தனையும் மேல்மட்டத்துல, வாயை மட்டும் தண்ணிக்கு மேல நீட்டி, செவுள் படபடன்னு அடிச்சுக்கிட்டு நிக்குது, டிராப் செக்கர் எலுமிச்சை மஞ்சள். உடனே கேஸை மூடி, ஏர் பம்ப் போட்டு, பாதித் தண்ணியை மாத்தினதுல பொழச்சுது. இருட்டுல செடி ஒளிச்சேர்க்கை பண்றதில்ல, சுவாசம் மட்டும்தான், அதுவும் ஆக்ஸிஜனை எடுத்து சிஓடூவை விடும். அதனால ராத்திரி கேஸ் குடுக்கறது வீண் மட்டும் இல்ல, கொலை. கேஸைத் திறந்து மூடுற மின்சார வால்வை, சோலனாய்டுன்னு சொல்றதை, டைமர்ல மாட்டி லைட் வர்றதுக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரம் முன்னாடி திறக்க வைங்க, லைட் அணையறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே மூடிரட்டும்.

நம்ம மொழியில பாசின்னு ஒரே வார்த்தையில எல்லாத்தையும் அடக்கிருவோம், வேலம்பாசியும் பாசி, குளத்துப் படியில வழுக்கறதும் பாசி. தொட்டி வச்சவங்க இதைப் பிரிச்சுப் பாக்கப் பழகணும், ஏன்னா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சேதி சொல்லுது. புதுத் தொட்டியில முதல் மாசம் பழுப்பா தூசி மாதிரி படியறது டயாட்டம், விரலால தேச்சா போயிரும், தொட்டி முதிர முதிர அதுவாவே மறைஞ்சிரும், அதுக்காக ஒண்ணும் பண்ணத் தேவையில்ல. இலை ஓரத்துல கறுப்பா தாடி மாதிரி கொத்துக் கொத்தா வர்றது உண்மையில சிவப்புப் பாசி வகை, ஆல்கஹால்ல போட்டா சிவப்பா மாறும். அது வந்தா பெரும்பாலும் சிஓடூ ஏறி இறங்கி ஆடுதுன்னு அர்த்தம். கரும்பச்சையா போர்வை மாதிரி மண்ணு மேல படர்ந்து, உரிச்சா தோல் மாதிரி வந்து, கெட்ட வாடை அடிக்கறது பாசியே இல்ல, சயனோபாக்டீரியாங்கற பாக்டீரியா. தண்ணி ஓட்டம் இல்லாத மூலையிலயும் அழுக்குச் சேந்த இடத்துலயும் அதைப் பாக்கலாம், கையால எடுத்துட்டு மூணு நாள் தொட்டியை இருட்டடிச்சா பெரும்பாலும் அடங்கும். பாஸ்பேட் இருந்தா பாசி வரும், அதனால உரமே போடாதன்னு ஒரு பழைய பேச்சு இருக்கு, நான் ஏத்துக்கல. பாஸ்பேட்டைத் தாராளமா போட்டும் பளிச்சுனு இருக்கற தொட்டிகள் ஏராளம், செடியைப் பட்டினி போட்ட தொட்டியிலதான் பாசி கொழிக்குது.

தொட்டி டிசைன்னு வந்தா ரெண்டு பெரிய வழி. டச்சு பாணி 1930கள்ல நெதர்லாந்துல வளர்ந்தது, கல்லுக்கும் கட்டைக்கும் அதுல பெரிய வேலை இல்ல, செடிகளை உயரம், நிறம், இலை வடிவம் பாத்துத் தெருத்தெருவா நடுறது, கிட்டத்தட்ட பூந்தோட்டப் பாத்தி. இன்னொண்ணு ஜப்பான்ல தகாஷி அமானோ கொண்டு வந்த நேச்சர் அக்வேரியம். அவர் 1954ல பிறந்தவர், சைக்கிள் பந்தய வீரரா இருந்தவர், இயற்கைக் காட்சிப் புகைப்படக்காரர், 1982ல சொந்தக் கம்பெனி ஆரம்பிச்சார். மலைச்சரிவும் காட்டு ஓடையும் பாத்த கண்ணோட கல், கட்டை, செடி மூணையும் சேத்து ஒரு நிலக்காட்சியாவே தொட்டிக்குள்ள கட்டினார். பாசி தின்ன அவர் இறக்கிவிட்ட இறால் இன்னைக்கு அவர் பேர்லயே அமானோ இறால்னு விக்குது. 2015ல, அவர் காலமான அதே வருஷம், லிஸ்பன் ஓசியனேரியத்துல 40 மீட்டர் நீளத்துல 1,60,000 லிட்டர் தொட்டி ஒண்ணை அமைச்சுக் குடுத்துட்டுத்தான் போனார். போட்டோவுல பாத்தாலே மூச்சு நின்னுரும்.

வீட்டுத் தொட்டிக்கு அவர்கிட்ட இருந்து எடுத்துக்க வேண்டியது ரெண்டு. ஒண்ணு, நடுவுல எதையும் வைக்காதீங்க. 60 செ.மீ. நீளத் தொட்டின்னா ஒரு ஓரத்துல இருந்து 37 செ.மீ. பக்கம் பெரிய கல்லோ கட்டையோ வந்தா கண்ணு அங்க போய் நிக்கும், அங்கிருந்து மெதுவா மத்த இடத்துக்கு நகரும். ரெண்டாவது, மண்ணை முன்னாடி 3 செ.மீ., பின்னாடி 8 இல்ல 10 செ.மீ.ன்னு சரிவா போடுங்க, தட்டையா போட்ட தொட்டி எவ்வளவு செலவு பண்ணாலும் ஆழம் காட்டாது. கல் வாங்கினதும் ரெண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்க, நுரைச்சா சுண்ணாம்பு இருக்கு, கொஞ்சம் கொஞ்சமா தண்ணியைக் கடினமாக்கும். கட்டையை முன்னாடியே ஊறப்போடுங்க, இல்லன்னா மிதக்கும், தண்ணியும் டீ நிறத்துல மாறும். டீ நிறத்தால மீனுக்குக் கெடுதல் இல்ல. அப்புறம் எடை, 60க்கு 30க்கு 36 தொட்டி 64 லிட்டருக்கு மேல, தண்ணி மட்டுமே 64 கிலோ, மண்ணு கல்லு கண்ணாடி சேந்தா ஒரு ஆள் எடையைத் தாண்டிரும். மேசை தாங்குமா, மட்டமா இருக்கான்னு தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடியே பாத்துருங்க.

இன்னொண்ணும் டிசைன்தான், ஆனா யாரும் அதை டிசைன்னு நெனைக்கறதில்ல: உங்க கை உள்ள போகுமா? கண்ணாடிக்கும் கல்லுக்கும் நடுவுல ரெண்டு விரல் இடம் விடலைன்னா அங்க பாசி சொரண்ட முடியாது, அந்தச் சந்துல சேர்ற அழுக்குதான் ஆறு மாசம் கழிச்சு தொட்டியைக் கெடுக்கும். நான் கல் அடுக்கி முடிச்சதும் தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவை கண்ணாடியைச் சுத்தி துடைச்சுப் பாப்பேன், கை முட்டற இடத்துல கல்லை நகத்திருவேன்.

செடி நடும்போது அனுபியாஸுக்கும் ஜாவா ஃபெர்னுக்கும் இருக்கற தடிச்ச தண்டை, ரைசோம்னு சொல்றதை, மண்ணுக்குள்ள புதைக்கவே கூடாது, அழுகிரும். நூலாலயோ ஒரு சொட்டு சூப்பர் க்ளூ ஜெல்லாலயோ கட்டையில ஒட்டி விடுங்க. நர்சரியில இருந்து வர்ற செடி நிறைய தண்ணிக்கு வெளிய, ஈரக்காத்துல வளர்த்தது, அந்த இலை தண்ணிக்குள்ள வேலை செய்யாது, உதிர்ந்துட்டு புது இலை வரும், பழைய இலைக்கும் புது இலைக்கும் உருவமே வேற மாதிரி இருக்கும். கிரிப்டோகொரைன் இதுல ஒரு படி மேல. என்னோடது நட்டு அஞ்சாம் நாள் இலை எல்லாம் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிய ஆரம்பிச்சு, தொட்டா கையில வழவழன்னு கரைஞ்சு வந்துச்சு. முதல் தடவை செத்துப்போச்சுன்னு பிடுங்கித் தூக்கிப் போட்டேன், போடும்போது பாத்தா வேர் வெள்ளை வெளேர்னு திடமா இருக்கு. அடுத்த தடவை கரைஞ்ச இலையை மட்டும் எடுத்துட்டு வேரை அப்படியே விட்டேன், மூணு வாரத்துல மண்ணுக்குள்ள இருந்து சுருட்டின மாதிரி பழுப்பு முனை ஒண்ணு எட்டிப் பாத்துச்சு. நடுற முதல் நாளே சீக்கிரம் வளர்ற தண்டுச் செடிகளைத் தொட்டி நெறைய நடுங்க, ரோட்டலா, ஹைக்ரோஃபிலா மாதிரி, அழகுக்கு அப்புறம் எடுத்துக்கலாம், ஆரம்ப வாரங்கள்ல தண்ணியில இருக்கற சத்தைப் பாசிக்கு முந்தி உறிஞ்ச அதுங்கதான் வேணும்.

உடனே மீன் விடாதீங்கன்னு எல்லாரும் சொல்வாங்க, ஏன்னு சொல்றவங்க கம்மி. மீன் கழிவு, மிச்ச தீனி, அழுகற இலை எல்லாம் அம்மோனியாவா மாறும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம்தான், நைட்ரோஸ்பைரா மாதிரி இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும், அது செடிக்கு உரம். இந்தக் கூட்டம் ஃபில்டர்லயும் மண்ணுலயும் குடியேற 4ல இருந்து 6 வாரம் ஆகும், செடித் தொட்டிக்குன்னே விக்கற சத்து மண்ணான அக்வா சாயிலைப் புதுசா போட்டா முதல் சில வாரம் அந்த மண்ணே அம்மோனியாவைக் கசியவிடும். பிஹெச் இதுல பெரிய ஆளு. 25 டிகிரியில பிஹெச் 7ல மொத்த அம்மோனியாவுல அரை சதவீதம் போலத்தான் விஷ உருவத்துல இருக்கும், பிஹெச் 8க்குப் போனா அது 5 சதவீதம் ஆயிரும், பத்து மடங்கு. ஒரே டெஸ்ட் கிட் ரீடிங், ஒரு தொட்டியில மீன் நல்லா இருக்கும், இன்னொண்ணுல சாகும். டெஸ்ட்ல அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம்னு ஒரு வாரம் தொடர்ந்து காட்டினா மீனைக் கொஞ்சம் கொஞ்சமா விடலாம்.

லண்டன்ல ராபர்ட் வாரிங்டன்னு ஒரு வேதியியலாளர் 1850ல வெளியிட்ட சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ரெண்டு தங்கமீன், வேலிஸ்னேரியா செடி, ஒரு பாத்திரம் தண்ணி. செடி ஆக்ஸிஜன் குடுத்து மீனைக் காப்பாத்தும்னு எதிர்பார்த்தார், குடுத்துச்சு, ஆனா அழுகின இலையால தண்ணி கெட்டுப்போச்சு. அப்புறம் நத்தை விட்டார், நத்தை அழுகின இலையையும் வழுவழுப்பையும் தின்னு தீர்க்க, தண்ணி தெளிஞ்சுருச்சு. செடியும் மீனும் மட்டும் போதாது, மிச்சத்தைத் தின்னற ஒரு வாய் வேணும்ங்கறதை அவர் அன்னைக்கே பாத்துட்டார். நம்ம தொட்டியில அந்த வாய் அமானோ இறால், நெரைட் நத்தை, ஒட்டோசின்க்ளஸ் மீன், அப்புறம் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா. நத்தையைப் பாத்ததும் பதறிக் கொல்றவங்களுக்கு: அது பெருகுதுன்னா நீங்க தீனி அதிகமா போடுறீங்க, தீனியைக் குறைச்சா நத்தையும் குறையும்.

சத்துக் குறைபாட்டைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிஞ்ச சுலபமான வழி, எந்த இலையில கோளாறுன்னு பாக்கறது. நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் எல்லாம் செடிக்குள்ள இடம் மாறக்கூடியது, பத்தலைன்னா பழைய இலையில இருந்து உருவிப் புதுசுக்குக் குடுத்துரும், அதனால அடியில இருக்கற இலை முதல்ல மஞ்சளாகும், பொட்டாசியம்னா ஊசியால குத்தின மாதிரி ஓட்டை விழும். இரும்பு அப்படி நகராது, பத்தலைன்னா நுனியில வர்ற புது இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையா தெரியும். இலையைப் பாக்காம பாட்டிலைப் பாத்து உரம் ஊத்தாதீங்க.

வாராந்திர வேலை பெருசா ஒண்ணும் இல்ல. சிஓடூவும் உரமும் போடுற தொட்டின்னா வாரம் பாதித் தண்ணி மாத்தறது, சேந்த மிச்சம் எல்லாம் போயிரும். மெதுவா ஓடுற தொட்டின்னா அதைவிடக் கம்மி போதும். குழாய்த் தண்ணியில குளோரின் இருந்தா தயோசல்ஃபேட் கலந்த மருந்து போட்டுட்டுத்தான் ஊத்தணும், வெதுவெதுப்பும் தொட்டித் தண்ணியோட ஒத்துப்போகணும். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில கழுவாதீங்க, தொட்டியில இருந்து எடுத்த தண்ணியிலயே ஒரு வாளியில பிழிஞ்சு விடுங்க, அந்தப் பழுப்புக் குழம்புலதான் நீங்க ஆறு வாரம் காத்திருந்து வளர்த்த பாக்டீரியா இருக்கு. வெயில் காலத்துல தொட்டி 30 டிகிரியைத் தாண்டினா தண்ணியில ஆக்ஸிஜன் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம்தான் தங்கும், 25ல 8.3 தங்கும், அந்த நாள்ல மேல்மட்டம் அலையடிக்கற மாதிரி ஃபில்டர் வாயைத் திருப்பி வைங்க, லைட் நேரத்தையும் சுருக்குங்க.

மிச்ச நேரம் எல்லாம் கத்தரிக்குத்தான். ரோட்டலா மேல்மட்டத்தைத் தொட்டு மடங்க ஆரம்பிச்சா கீழே நிழல் விழுந்து அடி இலை உதிரும், அதுக்கு முன்னாடியே கணுவுக்கு ஒரு விரல் மேல வெட்டணும். வெட்டின இடத்துல ரெண்டு தளிர் வரும், மூணு தடவை வெட்டினா ஒரு புதர். வெட்டி எடுத்த நுனியோட அடி இலை ரெண்டு மூணை உருவிட்டு, நீள இடுக்கியால தண்டைக் கொஞ்சம் சாய்வா மண்ணுக்குள்ள செருகி, இடுக்கியை லேசா விரிச்சு மெதுவா எடுங்க, நேரா இழுத்தா செடியும் கூடவே வந்துரும். சாயந்திரம் லைட் அணையறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போய்ப் பாத்தீங்கன்னா, தண்ணி ஆக்ஸிஜனால நிறைஞ்சு அதுக்கு மேல கரைய இடமில்லாம, வெட்டின முனையில இருந்து ஊசி நுனி மாதிரி குமிழி ஒண்ணு பின்னாடி ஒண்ணா நூல் பிடிச்ச மாதிரி மேல ஏறிக்கிட்டு இருக்கும்.